கன்மெட்டல் உலையில் அலுமினியம்: கசிந்த பம்பு உடல்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் பம்பு செட்டுக்கு உதிரி வார்த்துக் கொடுக்கும் சிறு பவுண்டரிகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில் நடந்தது இது. ஆட்கள் யார், பட்டறை எங்கே என்பது இங்கே தேவையில்லை. நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே தப்பை அதற்கப்புறம் வேறு இரண்டு இடங்களிலும் பார்த்துவிட்டேன்.

அப்பா காலத்துப் பட்டறை, இப்போது மகன் நடத்துகிறார். இம்பெல்லர், புஷ், வால்வு உடல் எல்லாம் கன்மெட்டலில் வார்ப்பார்கள். 85 பங்கு செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் தலா 5 பங்கு என்கிற கலவைதான் பெரும்பாலும். தரைக்குள் இறக்கிக் கட்டிய எண்ணெய் உலை ஒன்று, அதற்குள் 100 கிலோ கன்மெட்டல் பிடிக்கும் கிராஃபைட் மூசை, அதாவது உலோகத்தை உருக்கும் பாத்திரம். உருக்குகிற மேஸ்திரிக்கு 30 வருஷத்துக்கு மேல் அனுபவம். பட்டறையில் வெப்பமானி கிடையாது, அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. உலோகத்தின் நிறத்தைப் பார்ப்பார், மேலே துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்புவதைப் பார்ப்பார், இரும்புக் கம்பியை உள்ளே விட்டு எடுப்பார். கம்பியில் உலோகம் ஒட்டாமல் வழிந்து இறங்கினால் ஊற்றலாம் என்று கணக்கு. அவர் உருக்கிய கன்மெட்டலில் குறை வந்து திரும்பிய வார்ப்பு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இது முக்கியம், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

அந்த சமயத்தில் எஞ்சினோடு கையில் தூக்கிப்போகிற சின்ன பம்புக்கு அலுமினிய உடல் வார்க்க ஒரு ஆர்டர் வந்தது. கலவை எல்.எம்.6, அதாவது 10 முதல் 13 சதம் சிலிக்கான் சேர்ந்த அலுமினியம். அச்சில் நன்றாக ஓடும், தண்ணீரில் அரிக்காது, அதனால் பம்புக்கு ஏற்றது. ஒரு உடல் இரண்டரை கிலோ. ஒவ்வொன்றையும் கடைசல் முடித்து, தண்ணீர் நிரப்பி, 3 கிலோ பிரஷர் கொடுத்துச் சோதித்து அனுப்ப வேண்டும்.

முதலாளி விலை போட்ட விதத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. கன்மெட்டலை 1150 டிகிரிக்குக் கொண்டுபோகிறோம், அலுமினியமோ 660-லேயே உருகும், இந்தக் கலவை அதற்கும் கீழே 580-ஐ ஒட்டியே இளகிவிடும், அப்படியென்றால் கிலோவுக்குப் பாதி எண்ணெய் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் உருகும் சூடு குறைவு என்பதும் உருக்கத் தேவையான வெப்பம் குறைவு என்பதும் வேறு வேறு. ஒரு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி ஏற்ற, செம்புக்கு ஆவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். உருகும் இடத்தில் அது விழுங்குகிற வெப்பமும் அதேபோல்தான்: கிலோவுக்குச் செம்பு சுமார் 205 கிலோஜூல், அலுமினியம் சுமார் 400. மொத்தத்தில் ஒரு கிலோ செம்பை உருக்குவதைவிட ஒரு கிலோ அலுமினியத்தை உருக்க அதிக வெப்பம் ஆகும். இந்தக் கணக்குப் பிழை வெறும் எண்ணெய்ச் செலவோடு நிற்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

முதல் வார்ப்பும் இரண்டாவதும்

முதல் தடவை 48 உடல்கள் வார்த்தார்கள். 11-இல் ஓரம் நிறையவில்லை, மெல்லிய சுவர் இருக்கிற இடத்தில் உலோகம் பாதியில் உறைந்து நின்றுவிட்டது. மீதி 37-உம் பிரஷரில் தேறின. அவற்றைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிறையாத 11-க்கு என்ன செய்வது என்று பக்கத்தில் வார்ப்பிரும்பு பவுண்டரி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது: "சூடு பத்தலை, ஏத்தி ஊத்துங்க." அவர் தொழிலில் அது சரியான பதில்தான். வார்ப்பிரும்பு 1150 டிகிரியை ஒட்டி உறையும், மெல்லிய வார்ப்பு என்றால் 1400 வரைக்கும் ஏற்றி ஊற்றுவார்கள், அந்தக் கூடுதல் சூட்டை இரும்பு தாங்கும். அலுமினியம் தாங்காது, அதிலும் மழைக்காலத்தில் சுத்தமாகத் தாங்காது.

இரண்டாவது தடவை 50 உடல்கள். நன்றாகச் சூடேற்றி ஊற்றினார்கள், எல்லாமே நிறைந்தன. பார்க்கவும் அழகாக இருந்தன என்று முதலாளி சொன்னார். கடைசல் முடித்துத் தண்ணீர் பிரஷர் கொடுத்தபோது 31 உடல்கள் வியர்த்தன. ஓட்டை என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, உள்ளங்கை வியர்ப்பதுபோல் சுவரில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் அரும்பி நின்றது.

என்னைக் கேட்டபோது நான் சொன்ன தவறான பதில்

இந்தக் கட்டத்தில்தான் எனக்குப் போன் வந்தது. முன்பு ஒரு பம்பு கம்பெனியில் வார்ப்புகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவன் நான், அந்தப் பழக்கத்தில் சிறு பட்டறைக்காரர்கள் கூப்பிடுவார்கள். போனிலேயே விவரம் கேட்டேன். மழைக்காலம், பச்சை மணல் (ஈரம் சேர்த்துப் பிசைந்த மணல்) அச்சு, வார்ப்பில் நுண்துளை என்றதும் மணலில் ஈரம் அதிகம் என்று முடிவு கட்டி, மணலைச் சரிசெய்யுங்கள், கோரை (உள்வெற்றிடத்துக்காக அச்சுக்குள் வைக்கும் மணல் உருவை) கார்பன் டை ஆக்சைடு முறையில் இறுக்குங்கள் என்று சொல்லிவிட்டேன். எப்படி உருக்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஸ்திரியை எனக்குத் தெரியும், அவர் கையில் உருக்கு தப்பாது என்று நம்பியதுதான் காரணம்.

சொன்னபடி செய்தார்கள், கசிவு குறையவில்லை. ரைசரை (சுருங்கும் வார்ப்புக்கு மேலிருந்து உலோகம் ஊட்டும் பகுதியை) பெரிதாக்கிப் பார்த்தார்கள், அப்போதும் அதே நிலைதான். மூன்றாவது தடவை பாதிக்கு மேல் கசிந்தது.

விபத்து

நான்காவது தடவைக்கு உருக்கிக்கொண்டிருந்த அன்று காலை, உதவியாள் ஒருவர் (ஒடிசாவிலிருந்து வந்த பையன், சேர்ந்து நாலு மாதம்) சுவரோரம் கிடந்த இரும்பு லேடிலை (உலோகம் மொள்ளும் அகப்பையை) எடுத்து அலுமினியத்துக்குள் முக்கினார். ராத்திரி முழுக்கக் கூரை ஒழுகி அந்த லேடிலில் சொட்டியிருக்கிறது. உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டார், ஆனால் துருவுக்குள் ஊறியிருந்த ஈரம் அப்படியே இருந்தது.

தண்ணீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் விரியும். உலோகத்தின் மேலே தெளித்த துளி சீறிவிட்டுப் போய்விடும், உலோகத்துக்கு அடியில் மாட்டிய ஈரம் போக வழியில்லாமல் மேலே இருப்பதை எல்லாம் தூக்கி எறியும். அன்று ஒரு கைப்பிடி அளவு அலுமினியம்தான் தெறித்தது, ஆனால் பையன் காலில் ரப்பர் செருப்பு. வலது பாதத்தின் மேல் விழுந்து செருப்பு வாருக்கு அடியில் தங்கிவிட்டது. உடனே தண்ணீரை விட்டு ஆற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் வேலைக்குத் திரும்ப ஒரு மாதம் ஆனது. மருந்துச் செலவும் அந்த மாதச் சம்பளமும் முதலாளி கொடுத்தார்.

எனக்குச் செய்தி தெரிந்தது அன்று சாயங்காலம். மறுநாள் காலையில்தான் முதல் தடவையாக நேரில் போனேன்.

நேரில் பார்த்தது

முதலில் கசிந்த உடல் ஒன்றை அறுத்துத் தேய்த்துப் பார்த்தேன். துளைகள் உருண்டையாக, உள்சுவர் பளபளவென்று இருந்தன. உலோகம் சுருங்குவதால் வரும் பள்ளம் அப்படி இருக்காது, ஒழுங்கில்லாமல் கிழிந்த மாதிரி, சொரசொரப்பாக இருக்கும். பெரிய ரைசர் ஏன் உதவவில்லை என்பது அந்த ஒரு துண்டிலேயே தெரிந்தது. அடுத்தது, துளைகள் மேல்தோலை ஒட்டி மட்டும் இல்லை, சுவர் முழுக்கப் பரவிக் கிடந்தன. மணல் ஈரத்தால் வந்த காற்று என்றால் அச்சைத் தொடும் பக்கம்தான் அதிகம் இருக்க வேண்டும். ஆக நான் போனில் சொன்னதும் தப்பு. வாயு உலோகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அப்புறம் மேஸ்திரியிடம், "அண்ணா, எனக்காக ஒரு உருக்கு போடுங்க, வழக்கமா எப்படிப் போடுவீங்களோ அப்படியே," என்று கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். நான் கொண்டுபோன தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கருவியை) உறையோடு மூசையில் இறக்கி வைத்துவிட்டு மீட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஊற்றலாம் என்று அவருக்குத் தோன்றும்போது சொல்லச் சொன்னேன்.

பாளங்கள் இளகத் தொடங்கியதும் மீட்டர் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது. நான் மேலே சொன்ன அந்த விழுங்கும் வெப்பம்தான். மேஸ்திரிக்கு அது உலை மந்தமாகிவிட்டதாகத் தெரிந்தது, எண்ணெயைத் திறந்துவிட்டார். முதலாளி வேறு சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்ததால் அவருக்கு அவசரம். கடைசிக் கட்டி கரைந்த கணத்தில் சூடு மளமளவென்று ஏறியது. 700, 750. உலோகம் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது, சிவப்பு வரவில்லை. கம்பியை விட்டுப் பார்த்தார், கிளறினார், கன்மெட்டலுக்குப் போடுவதுபோலவே மேலே ஒரு கை கரித்தூள் தூவினார். 800 தாண்டியது. "இதுக்கு நெறமே வர மாட்டேங்குதுங்க தம்பி," என்றார். குழியின் நிழலில் லேசாகச் செம்மை தட்டியதும் திரும்பி என்னைப் பார்த்து, "இப்ப ஊத்தலாம்," என்றார். மீட்டரில் 880 இருந்தது.

இந்தக் கலவையை 720-ஐ ஒட்டி ஊற்றினால் போதும். மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு உலையை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

என்ன நடந்திருக்கிறது

அவர் செய்த ஒவ்வொன்றும் கன்மெட்டலுக்குச் சரி. அதையே அலுமினியத்துக்குச் செய்தபோது ஒவ்வொன்றும் எதிராகப் போய்விட்டது. கைத்திறன் குறைந்ததால் வந்த தவறு இல்லை இது, வேறு ஒரு உலோகத்தில் ஊறிய கைத்திறனால் வந்தது. அதனால்தான் கூடவே இருந்த யாருக்கும் கண்ணில் படவில்லை.

உருகிய அலுமினியம் தண்ணீர் ஆவியைக் கண்டால் விடாது. ஆக்சிஜனைப் பிடுங்கி ஆடையாகப் போர்த்திக்கொள்ளும், மிஞ்சிய ஹைட்ரஜனை உள்ளே கரைத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற அதிகம் கரையும், 700 டிகிரியில் கொள்ளுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு 800-இல் கொள்ளும். சிக்கல் உறையும்போதுதான் வருகிறது. உறைந்த அலுமினியத்தில் ஹைட்ரஜனுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம், திரவமாக இருந்தபோது தாங்கியதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் தாங்கும். மீதி எல்லாம் குமிழாகப் பிரிந்து வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே உறைந்துவிடும். பம்பு உடல் வியர்த்தது அந்தக் குமிழ்கள் வழியாகத்தான்.

ஈரம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பார்த்தால், மழைக்காற்று, தகரக் கொட்டகையில் பனித்துக் கிடந்த பாளம், ஈரம் உறிஞ்சிய கரித்தூள். எல்லாவற்றையும்விட உலையின் சுவாலை. எண்ணெய் எரிந்தால் தண்ணீர் ஆவி வரும், அந்தச் சுவாலை மூசை வாயின் மேலாகப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. கிளறினது இன்னொரு கெடுதல். கன்மெட்டலில் ஈயம் அடியில் தங்காமல் இருக்கக் கிளறத்தான் வேண்டும். அலுமினியத்தின் மேல் படியும் ஆடையோ அதற்குக் காவல், கிளறினால் ஆடை கிழிந்து உள்ளே மடங்கிப் போகும், புது உலோகம் ஆவிக்கு முகம் காட்டும்.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தேகத்துக்கு மூன்று தடவை வார்ப்பிலிருந்தும் துண்டு வெட்டி, எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பினேன். எல்.எம்.6-இல் செம்பு 0.1 சதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, இரும்பு 0.6-க்கு மேல் கூடாது. மூன்றிலும் இரண்டுமே வரம்பைத் தாண்டியிருந்தன. செம்பு மூசையின் சுவரில் ஒட்டியிருந்த பழைய கன்மெட்டலிலிருந்து வந்தது. இரும்பு அந்தக் கம்பியிலிருந்தும் பூச்சில்லாத லேடிலிலிருந்தும் வந்தது. உருகிய கன்மெட்டலில் இரும்புக் கம்பி சும்மா நனைந்து வரும், உருகிய அலுமினியம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கம்பியின் நுனி பென்சில் சீவினதுபோல் மெலிந்திருந்ததை மேஸ்திரியே அப்புறம் எடுத்துக் காட்டினார்.

எடுத்த முடிவுகள்

முதலில் முதலாளி எடுத்த முடிவைச் சொல்ல வேண்டும், அதற்கு என் யோசனை தேவைப்படவில்லை. முதல் தடவை அனுப்பிய 37 உடல்களும் கசியவில்லை, கம்பெனிக்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செம்பு அதிகம் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, செம்பு கூடினால் இந்தக் கலவை தண்ணீரில் அரிக்கும். அவரே கம்பெனிக்குப் போய் ரிப்போர்ட்டைக் காட்டி 37-ஐயும் திருப்பி எடுத்துக்கொண்டார். நஷ்டம்தான், ஆனால் ஆர்டர் போகாமல் நின்றது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அலுமினிய வேலையைப் பத்து நாள் நிறுத்தினோம். அதற்குள் அலுமினியத்துக்கென்று தனியாக சிலிக்கான் கார்பைடு மூசை வாங்கி, வாயில் பெயிண்டால் அடையாளம் போட்டார்கள், கன்மெட்டல் அதில் இறங்கக்கூடாது. லேடில், கசடு வாரும் கரண்டி எல்லாம் தனி. ஒவ்வொன்றுக்கும் காப்புப் பூச்சு பூசி, உலை விளிம்பில் வைத்து நன்றாகக் காய்ச்சிய பிறகே உள்ளே விடுவது. பாளங்களையும் உருகிய உலோகத்தில் நேரடியாகப் போடாமல் விளிம்பில் அடுக்கிச் சுட வைத்துத்தான் போடுவது. பர்னரைத் திருப்பி வைத்து, சுவாலை மூசையைச் சுற்றிப் புகைவழியில் போகும்படி, வாயின் மேல் புரளாதபடி செய்தோம். கரித்தூள் இல்லை, கிளறுவதும் இல்லை. தெர்மோகப்பிள் நிரந்தரமாக மாட்டினார்கள், 750-ஐத் தாண்டினால் அந்த உருக்கை ஊற்றாமல் ஆற விடுவது என்று பேசிக்கொண்டோம்.

வாயுவை வெளியே எடுக்க முதலில் ஹெக்ஸாகுளோரோஈத்தேன் மாத்திரை போட்டோம், கடையில் சுலபமாகக் கிடைத்தது. வேலை செய்தது, ஆனால் கிளம்பிய புகை நெஞ்சை அடைத்தது. அந்தச் சின்னக் கொட்டகைக்குள் அதை நான் சிபாரிசு செய்தது சரியில்லை, நாலு உருக்கோடு விட்டுவிட்டோம். பிறகு நைட்ரஜன் சிலிண்டர், கிராஃபைட் குழாய் நுனியில் பொடித்துளைகள் போட்டு மூசையின் அடியிலிருந்து மெதுவாக விடுவது. குமிழ் மேலே வரும்போது ஹைட்ரஜன் அதற்குள் புகுந்துகொண்டு வெளியேறும். அடியில் இருப்பது கொதிக்கிற மாதிரி புரளக்கூடாது, மேலே பொட்டுப் பொட்டாகக் குமிழ் வந்தால் போதும்.

எல்லோருக்கும் தோல் பூட்ஸும் கால் காப்பும் வாங்கினார்கள். அதை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

பிறகு நடந்தது

ஊற்றும் முன் சோதிக்க ஒரு ஏற்பாடு செய்தோம். ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வாக்குவம் பம்பை ஒரு சின்ன மூடிய பாத்திரத்தில் இணைத்து, கிண்ணத்தில் கொஞ்சம் உலோகத்தை அதற்குள் உறைய விடுவது. அழுத்தம் குறைந்த இடத்தில் உறைவதால் உள்ளே இருக்கும் கொஞ்ச வாயுவும் பெரிதாக உப்பிக் காட்டும். பழைய முறையில் உருக்கியதை வைத்தபோது பணியாரம்போல உப்பி எழுந்தது, குறுக்கே அறுத்தால் முழுக்கத் துளை. நைட்ரஜன் விட்டதை வைத்தபோது மேல்பரப்பு லேசாக உள்ளே குழிந்தது, வாயு இல்லாத அலுமினியம் அப்படித்தான் உறையும். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் மேஸ்திரிக்கு நான் ஹைட்ரஜன் பற்றிச் சொன்ன அரைமணி நேரப் பேச்சு தேவையில்லாமல் போயிற்று. அவருக்கு மறுபடியும் கண்ணால் பார்த்து நம்பக்கூடிய ஒரு அடையாளம் கிடைத்துவிட்டது.

மாத்திரை போட்டு வார்த்த 32 உடல்களில் 6 கசிந்தன. நைட்ரஜனுக்கு மாறியபின் முதல் 40-இல் ஒன்று. செம்பும் இரும்பும் வரம்புக்குள் வந்தன.

ஆனால் 720-இல் ஊற்றியபோது பழைய சங்கடம் திரும்பியது, 5 உடல்களில் ஓரம் நிறையவில்லை. இந்தத் தடவை சூட்டைத் தொடாமல் அச்சைப் பார்த்தோம். கன்மெட்டல் அச்சுக்குப் போடுவதுபோல், உலோகம் உள்ளே நுழைய ஒரே ஒரு வாய்தான் இதற்கும் வெட்டியிருந்தார்கள், லேசான உலோகம் அந்த வழியே மெல்லிய சுவருக்குப் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடுகிறது. எதிர்ப்பக்கம் இன்னொரு வாய் வெட்டி, மூலைகளில் காற்றுத் துளை போட்டு, 735 வரைக்கும் ஏற்றிக்கொண்டதும் நிறைந்தது. முதல் நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான், சூடு ஏற்றுவது சுலபமாக இருந்ததால் யாரும் அச்சின் பக்கம் போகவில்லை.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

என் பங்கு முதலில். போனில் கேட்டு மணல் என்று சொன்னதால் இரண்டு தடவை வார்ப்பு வீணானது. உருக்குகிற இடத்தில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால், அந்த ஒழுகும் கூரையும் அதற்குக் கீழே கிடந்த லேடிலும் ரப்பர் செருப்பும் என் கண்ணில் பட்டிருக்கும் என்பதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. இப்போது யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, என்ன உலோகம், இதற்கு முன் அந்த உலையில் என்ன உருக்கினீர்கள் என்பதுதான். கசிந்த துண்டை அறுத்து அனுப்பச் சொல்லாமல் பதில் சொல்வதில்லை.

பட்டறைப் பக்கத்தில், புது உலோகம் எடுக்கும்போது ஆர்டர் ஒப்புக்கொள்ளும் முன்பே அந்த உலோகத்தில் பழகிய ஒருவரை இரண்டு நாள் கூப்பிட்டு உருக்கச் சொல்லியிருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். விலையையும் ஒரு உருக்கு போட்டு எண்ணெயை அளந்தபின்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு குறை இன்னும் அப்படியே இருக்கிறது. பாளம் வைக்க ஈரம் படாத தனி அறை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இடம் இல்லை என்கிறார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு உருக்குக்கும் வாக்குவம் சோதனை போடுகிறார்கள், மற்ற மாதங்களில் நாளுக்கு ஒன்று.

காலில் காயம் பட்ட பையன் திரும்பி வந்து அங்கேயே இருக்கிறார். நைட்ரஜன் குழாயும் மீட்டரும் இப்போது அவர் பொறுப்பு. மேஸ்திரி அலுமினியம் ஊற்றும் முன் அவரிடம் எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் மூசையைத் தூக்குகிறார். கன்மெட்டலுக்கு மட்டும் பழையபடி நிறம்தான் பார்க்கிறார், அதை மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை.